ட்ரெய்லர் மாட்டினா மட்டும் இன்ஜின் ஹீட் வார்னிங் வருதா? பார்ட் மாத்துறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். ஃபீனிக்ஸ்ல இருக்கார், 2016 செவ்ரோலே சில்வராடோ 1500, 5.3 லிட்டர் வி8, 92,000 மைல் ஓடியிருக்கு. ஜூலை மாசம் குடும்பத்தோட 26 அடி ட்ராவல் ட்ரெய்லரை மாட்டிக்கிட்டு ஐ-17ல ஃபிளாக்ஸ்டாஃப் போறப்ப, பிளாக் கேன்யன் சிட்டி தாண்டி சன்செட் பாயிண்ட் ஏத்தத்துல 65 மைல் வேகத்துல போய்க்கிட்டு இருக்கும்போது "என்ஜின் ஹாட், ஏசி ஆஃப்"னு டிஸ்ப்ளேல வந்துச்சு, ஏசி தானா நின்னுடுச்சு, முள்ளு 210ஐ தாண்டி வலது பக்கம் ஏறிடுச்சு, மேல சமதளம் வந்ததும் ரெண்டு மூணு நிமிஷத்துல பழைய இடத்துக்கு வந்துடுச்சு. ட்ரெய்லர் இல்லாம ஓட்டினா ஒரு தொந்தரவும் இல்ல. போன வருஷம் ரெண்டு தடவை கூலண்ட் டேங்க்ல தண்ணி ஊத்தினேன்னும் எழுதியிருக்கார். ஒர்க்‌ஷாப்ல கேட்டா ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் மூணையும் மாத்தணும்னு பெரிய எஸ்டிமேட் கொடுத்திருக்காங்க. மாத்தலாமா அண்ணானு கேட்கிறார்.

இப்போதைக்கு ஒண்ணும் மாத்தாதீங்க தம்பி. நீங்க எழுதினதுலயே பாதி விடை இருக்கு, "சமதளம் வந்ததும் இறங்கிடுச்சு"ங்கிற அந்த ஒரு வரியை வச்சே பம்ப் செத்துப்போச்சு, தெர்மோஸ்டாட் மூடிக்கிட்டு நிக்குதுங்கிற மாதிரி பெரிய சந்தேகங்களை கீழ தள்ளிடலாம். சூடு எந்த இடத்துல, எந்த வேகத்துல, எப்படி ஏறுச்சு, எப்படி இறங்குச்சுங்கிறதுதான் நோயைக் காட்டும், அதைக் கேட்காம பார்ட் லிஸ்ட் எழுதுறவங்க கிட்ட வண்டியை விடாதீங்க. உங்களை ஒரே ஒரு கேள்வி கேட்கணும்னா, அதே ஏத்தத்துல 45ல போயிருந்தா வார்னிங் வந்திருக்குமான்னுதான் கேட்பேன். ஏன்னு சொல்றேன்.

உங்க ட்ரக், ஆளுங்க, சாமான், ட்ரெய்லர் எல்லாம் சேர்ந்து 12,500 பவுண்டு பக்கம் வரும்னு வச்சுக்கலாம், அதாவது சுமார் 5,700 கிலோ. 6 சதவீத ஏத்தத்துல 65 மைல் வேகத்துல அந்த எடையை மேல தூக்குறதுக்கு மட்டுமே சுமார் 130 குதிரைசக்தி போயிடும். அதுக்கு மேல காத்து. ட்ராவல் ட்ரெய்லர்ங்கிறது ஒரு சுவரை நிமித்தி வச்சு இழுக்குற மாதிரி, காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதை சமாளிக்க வேணும்ங்கிற சக்தி வேகத்தோட மும்மடியில (வேகம் × வேகம் × வேகம்) ஏறும், அதனால 65ல காத்துக்கு மட்டும் இன்னொரு 70, 80 குதிரைசக்தி, டயர் உருளுறதுக்கு 20 பக்கம். எல்லாம் சேர்த்தா 220, 230 வரும். அதே ஏத்தத்தை 45ல ஏறினா மொத்தமே 130 போதும். இப்ப இதை சூடா மாத்திப் பாருங்க, பெட்ரோல் இன்ஜின்ல எரியுறதுல தோராயமா மூணுல ஒரு பங்குதான் வேலையா வெளிய வருது, ஒரு பங்கு சைலன்சர் வழியா போகுது, மீதி ஒரு பங்கு கூலண்ட் வழியா ரேடியேட்டருக்கு வருது, அப்படின்னா சக்கரத்துக்கு எவ்வளவு சக்தி போகுதோ கிட்டத்தட்ட அதே அளவு சூட்டை ரேடியேட்டர் வெளிய தள்ளியாகணும். 65லேர்ந்து 45க்கு இறங்கினா ரேடியேட்டர் வேலை கிட்டத்தட்ட பாதிக்கு வந்துடும், வேகம் குறையிறதால முன்னாடி வர்ற காத்தும் குறையும்தான், ஆனா சூடு குறையிற அளவுக்கு அது குறையாது. ட்ரெய்லர் இல்லாம நீங்க ஆபீஸ் போறப்ப அந்த இன்ஜின் 30, 40 குதிரைசக்திதான் கொடுக்குது, அப்ப ரேடியேட்டர் பாதி அடைச்சிருந்தாக்கூட முள்ளு அசையாது. "ட்ரெய்லர் இல்லாம நல்லா ஓடுது"ங்கிறதை வச்சு கூலிங் சிஸ்டம் நல்லா இருக்குன்னு முடிவு பண்ண முடியாது.

ஏன் 45ன்னு கேட்டேன்னா, உங்க ட்ரக்கோட இழுவை ரேட்டிங் எஸ்ஏஈ ஜே2807ங்கிற ஸ்டாண்டர்டுபடி கொடுத்தது, டொயோட்டா 2011 டண்ட்ராவுலயே அதுக்கு வந்துட்டாங்க, செவ்ரோலே தயாரிக்கிற ஜிஎம் 2015 மாடல்லேர்ந்து. அந்த டெஸ்ட்ல ஒரு பகுதி உங்க அரிசோனாவுலயே இருக்கிற ரோட்டை வச்சு எழுதினது, புல்ஹெட் சிட்டி பக்கத்துலேர்ந்து கிழக்க ஏறுற ஸ்டேட் ரூட் 68, டேவிஸ் டேம் ஏத்தம்னு சொல்லுவாங்க, 11.4 மைல் நீளம். வெளிய குறைஞ்சது 100 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கணும், ஏசி முழுசா ஓடணும், முழு லோடு மாட்டியிருக்கணும், பின்னாடி ஒத்தை டயர் வண்டின்னா 40 மைல் வேகத்துக்கு கீழ இறங்காம மேல வந்து சேரணும், வார்னிங் எதுவும் வரக்கூடாது, எதுவும் உடையக்கூடாது. கவனிச்சீங்களா, 40. யாரும் 65ல ஏறிக் காட்டச் சொல்லல. அதனால உங்க வண்டி 45ல, ஏசி போட்டு, 105 டிகிரி வெயில்ல அந்த ஏத்தத்தை வார்னிங் இல்லாம ஏறிடுச்சுன்னா கூலிங் சிஸ்டம் பெரிய அளவுல கெடல, நீங்க அதுகிட்ட கேட்டதுதான் அதிகம். 45லயும் சூடு ஏறுச்சுன்னா அப்ப வண்டியில கண்டிப்பா ஏதோ ஒண்ணு இருக்கு, தேடணும். (இந்தக் கீழ வர்ற டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட்தான், உங்க மீட்டர்ல இருக்கிறபடியே சொல்றேன்.)

அடுத்தது வார்னிங்கை சரியா படிக்கிறது. ஜிஎம் ட்ரக்ல சூடு பத்தி வர்ற மெசேஜ் எல்லாம் ஒண்ணு கிடையாது. உங்களுக்கு வந்த "என்ஜின் ஹாட், ஏசி ஆஃப்" முதல் படி, இன்ஜின் சுமையைக் குறைக்க கம்ப்யூட்டர் கம்ப்ரஸரை நிறுத்துது, ஓட்டலாம், ஆனா உடனே வேகத்தைக் குறைக்கணும். அடுத்தது "என்ஜின் ஓவர்ஹீட்டட், ஐடில் என்ஜின்", ஓரம் கட்டி நிறுத்தி இன்ஜினை ஐடில்ல ஓட விடுங்கங்கிறது. மூணாவது "என்ஜின் ஓவர்ஹீட்டட், ஸ்டாப் என்ஜின்", அதுக்கு அப்புறம் ஒரு நிமிஷம்கூட ஓட்டக்கூடாது. இது இல்லாம "டிரான்ஸ்மிஷன் ஹாட், ஐடில் என்ஜின்"னு ஒண்ணு வரும், அது கியர் பாக்ஸ் ஆயிலைப் பத்தினது, நிறைய பேர் ஹாட்ங்கிற வார்த்தையைப் பார்த்ததும் ரேடியேட்டர் பக்கம் ஓடிடுறாங்க, ரெண்டும் வேற வேற கதை. ஃபோர்டு, ராம், டொயோட்டான்னு ஒவ்வொண்ணுலயும் வாசகம் மாறும், அதனால யார் கேட்டாலும் நான் முதல்ல கேட்கிறது ஸ்க்ரீன்ல என்ன எழுதி இருந்துச்சுன்னு எழுத்துக்கு எழுத்து சொல்லுங்கன்னுதான்.

முள்ளை மட்டும் நம்பாதீங்க. இப்ப வர்ற வண்டிகள்ல முள்ளு ஒரு பெரிய ரேஞ்ச் முழுக்க நடுவுலயே நிக்கிற மாதிரி செட் பண்ணி வச்சிருப்பாங்க, அது அசையும்போதே நிறைய நேரம் போயிருக்கும். 30, 40 டாலருக்குள்ள வண்டி கம்ப்யூட்டர்ல இருக்கிறதைப் படிச்சு போனுக்கு அனுப்புற ஒரு ப்ளூடூத் ஓபிடி ரீடர் வாங்கி ஸ்டியரிங்குக்கு கீழ இருக்கிற போர்ட்ல சொருகுங்க, போன் ஆப்ல கூலண்ட் டெம்பரேச்சர், டிரான்ஸ்மிஷன் டெம்பரேச்சர், ஆர்பிஎம், வேகம் நாலையும் ரெக்கார்டு பண்ணுங்க, ஓட்டுறப்ப அதை வீட்டுக்காரம்மா பார்த்துக்கட்டும், நீங்க ரோட்டைப் பாருங்க. சும்மா ஓட்டுறப்ப 195லேர்ந்து 210 இருக்கும், ட்ரெய்லரோட ஏத்தத்துல 220, 230 வரைக்கும் போய் நின்னா நான் கவலைப்பட மாட்டேன், 240 தாண்டி ஏறிக்கிட்டே இருந்தா காலை எடுத்துடுவேன். பழைய எரர் கோடு ஏதாவது ஸ்டோர் ஆகியிருக்கான்னும் பாருங்க, பி0217 இருந்தா இன்ஜின் ஓவர் டெம்பரேச்சர்னு கம்ப்யூட்டரே பதிவு பண்ணி வச்சிருக்கு, பி0116, 117, 118 மாதிரி இருந்தா சென்சர் இல்லன்னா வயரிங் சந்தேகம், பி0480 இருந்தா ஃபேன் கண்ட்ரோல்.

இப்ப சூடு நடந்துக்கிற விதம். ஏத்தத்துல மெல்ல மெல்ல ஏறி, சமதளத்துல சீக்கிரம் இறங்கிச்சுன்னா, அது உங்க கேஸ், கூலண்ட் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, ரேடியேட்டர் வெளிய தள்ளுற சூடு போதல. அதுக்குக் காரணம் காத்து சரியா வராம இருக்கலாம், ரேடியேட்டர் கொஞ்சம் அடைச்சிருக்கலாம், இல்ல சுமை அதிகமா இருக்கலாம். ஹைவேல நல்லா இருந்து டிராஃபிக்லயோ, கேம்ப்கிரவுண்ட் உள்ள மெதுவா போறப்பவோ ஏறுச்சுன்னா ஃபேன். சமதளத்துக்கு வந்தப்புறமும் இறங்காம அடம்பிடிச்சா கூலண்ட் குறைஞ்சிருக்கு, இல்ல பம்ப், தெர்மோஸ்டாட், ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற சீல்)னு போகணும். முள்ளு திடீர்னு குதிச்சு திடீர்னு விழுந்தா உள்ள காத்துக் குமிழி, நீராவி, இல்லன்னா சென்சர் வயர், ஏன்னா அவ்வளவு இரும்பும் அலுமினியமும் சேர்ந்த இன்ஜின் ரெண்டு செகண்டுல 40 டிகிரி ஏறி இறங்காது. இன்னொரு நல்ல அடையாளம் இருக்கு, சூடு ஏறியிருக்கிற நேரத்துல ஹீட்டரைப் போட்டா ஜில்லுனு காத்து வந்துச்சுன்னா உள்ள சூடு கொடுக்கிற ஹீட்டர் கோர் வரைக்கும் கூலண்ட் வரலைன்னு அர்த்தம், அதாவது லெவல் மோசமா இறங்கியிருக்கு, அப்ப உடனே நிறுத்திடணும்.

உங்க கேஸ்ல நான் முதல்ல பார்க்கிறது வண்டியோட மூஞ்சியைத்தான். சில்வராடோல முன்னாடி ஏசி கண்டென்சர், டிரான்ஸ்மிஷன் கூலர், அதுக்குப் பின்னாடி ரேடியேட்டர்னு அடுக்கடுக்கா இருக்கும். வெளியிலேர்ந்து பார்த்தா கண்டென்சர் சுத்தமா தெரியும், ஆனா கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல இருக்கிற அந்த ஒரு இஞ்ச் சந்துல பூச்சி, பஞ்சு, பாலைவனத்து மண்ணு எல்லாம் சேர்ந்து ஃபெல்ட் துணி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும், 92,000 மைல் அரிசோனால ஓடின வண்டியில அது இல்லாம இருந்தாத்தான் ஆச்சரியம். மேல இருக்கிற பிளாஸ்டிக் கவரைக் கழட்டிட்டு ஒரு டார்ச்சை அந்த சந்துக்குள்ள இறக்கிப் பாருங்க, ஃபின்னுக்கு நடுவுல வெளிச்சம் அந்தப் பக்கம் தெரியணும். அடைச்சிருந்தா இன்ஜின் ஆறினப்புறம் தோட்டத்து ஹோஸை வச்சு இன்ஜின் பக்கத்துலேர்ந்து முன்பக்கம் பார்த்து மெதுவா தண்ணி விடுங்க, அழுக்கு வந்த வழியிலேயே திரும்பிப் போகணும், முன்னாடியிலேர்ந்து அடிச்சா இன்னும் ஆழமாத்தான் போய் உக்காரும். பிரஷர் வாஷர் மட்டும் வேண்டாம், ஃபின் எல்லாம் மடங்கிடும், அப்புறம் உண்மையிலேயே புது ரேடியேட்டர் வாங்கணும்.

அதோட பம்பருக்கு அடியில தொங்குற கருப்பு பிளாஸ்டிக் பட்டை, ஏர் டேம்னு சொல்லுவாங்க, அது இருக்கான்னு பாருங்க. முன்பக்கத்தை உயர்த்துற லெவலிங் கிட் போட்டவங்க, பார்க்கிங் கல்லுல இடிச்சவங்க நிறைய பேர் அதைக் கழட்டிப் போட்டுட்டு அழகா இருக்குன்னு விட்டுடுறாங்க. அது அழகுக்கு வச்சது கிடையாது, வண்டிக்கு அடியில போற காத்தைத் தடுத்து இன்ஜினுக்குக் கீழ அழுத்தத்தைக் குறைக்குது, அதனாலதான் க்ரில் வழியா உள்ள வர்ற காத்து ரேடியேட்டரைத் தாண்டி கீழ இறங்கி வெளிய போகுது. அது இல்லன்னா ஹைவே வேகத்துல உள்ள வந்த காத்துக்குப் போக வழி இல்லாம முட்டிக்கிட்டு நிக்கும். ரேடியேட்டரைச் சுத்தி இருக்கிற ஃபோம், ரப்பர் தடுப்பும் அப்படித்தான், எப்பவாவது முன்பக்கம் இடிச்சு பாடி வேலை பார்த்திருந்தா அதெல்லாம் திரும்பப் போடாம விட்டிருப்பாங்க, காத்து ரேடியேட்டர் வழியா போகாம ஓரமா சுத்திக்கிட்டுப் போயிடும். க்ரில்லுக்கு முன்னாடி லைட் பார், பூச்சி வலை ஏதாவது மாட்டியிருந்தாலும் ட்ரெய்லர் இழுக்கிற அன்னைக்குக் கழட்டிடுங்க. உங்க வண்டியில க்ரில் ஷட்டர் இருக்கிற மாடலா இருந்தா அது முழுசா திறக்குதான்னும் பார்த்துடுங்க. இதுக்கெல்லாம் காசே ஆகாது, ஆனா எந்த எஸ்டிமேட்லயும் இது வராது.

அப்புறம் கூலண்ட். இன்ஜின் முழுசா ஆறினப்புறம், காலைல, டேங்க்ல லெவல், ஆறின இன்ஜினுக்கான "கோல்டு" கோட்டுல இருக்கான்னு பாருங்க. போன வருஷம் ரெண்டு தடவை தண்ணி ஊத்தினேன்னு எழுதியிருக்கீங்களே, எனக்கு அதுதான் உறுத்துது. கூலிங் சிஸ்டம் மூடின சிஸ்டம், அதுல தண்ணி தானா குறையாது, குறைஞ்சா எங்கயோ போகுது. இந்த 5.3 இன்ஜின்ல வாட்டர் பம்ப் கசியிறது சகஜம், பம்ப் அடியில இருக்கிற சின்ன ஓட்டையைச் சுத்தியும், கேஸ்கட் ஓரத்துலயும் ஆரஞ்சு கலர்ல காஞ்ச பொருக்கு மாதிரி இருக்கான்னு பாருங்க, ஜிஎம் ஊத்துற டெக்ஸ்கூல் கூலண்ட் காஞ்சா அப்படித்தான் இருக்கும். பொருக்கு இருந்தா பம்பை மாத்துங்க, அப்ப தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாத்திடுறதுல தப்பில்ல, பொருக்கு இல்லன்னா பம்பைத் தொட வேண்டாம். டெக்ஸ்கூலோட ஆயுசு 5 வருஷம் இல்ல 150,000 மைல், எது முன்னாடி வருதோ அது, உங்க வண்டிக்கு மைல் இருக்கு, வருஷம் தாண்டிப்போச்சு, அதனால மாத்தினதா ரசீது இல்லன்னா ஃப்ளஷ் பண்ணி பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்து புதுசா ஊத்திடுங்க.

கூலண்ட் டேங்க் மூடியைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா 15, 20 டாலர் சாமான், யாரும் மதிக்கிறதில்ல. பாதிக்குப் பாதி கூலண்ட் திறந்த பாத்திரத்துல 223 டிகிரில கொதிக்கும், 15 பிஎஸ்ஐ அழுத்தத்துல அதே கூலண்ட் 265 வரைக்கும் கொதிக்காது, ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் சுமார் 3 டிகிரி. இப்ப அந்த மூடியோட ரப்பர் காஞ்சு 5 பிஎஸ்ஐதான் பிடிக்குதுன்னு வைங்க, கொதிநிலை 240க்கு கீழ வந்துடும். தினசரி 205ல ஓட்டுறப்ப இது உங்களுக்குத் தெரியவே தெரியாது, ட்ரெய்லரோட ஏத்தத்துல 235 தொடும்போது சிலிண்டர் ஹெட் உள்ள ரொம்ப சூடான இடத்துல கூலண்ட் நீராவியா மாறும், நீராவி சூட்டை எடுத்துக்கிட்டு போகாது, உடனே முள்ளு பாயும். அதுக்கு மேல ஃபிளாக்ஸ்டாஃப் சுமார் 6,900 அடி, வெளிக்காத்து அழுத்தமே கடல்மட்டத்தைவிட 3 பிஎஸ்ஐக்கு மேல கம்மி, அதனால கொதிநிலை இன்னும் 10 டிகிரி பக்கம் இறங்கிடும். ஆட்டோசோன், ஓ'ரைலி மாதிரி கடைகள்ல டெபாசிட் கட்டினா பிரஷர் டெஸ்டர் இரவலா கொடுப்பாங்க, திருப்பிக் கொடுத்தா பணம் வந்துடும். மூடி மேல எத்தனை பிஎஸ்ஐன்னு போட்டிருக்கோ அதைப் பிடிக்குதான்னு பாருங்க, அதே டெஸ்டரை டேங்க்ல மாட்டி சிஸ்டத்துக்கு அழுத்தம் கொடுத்து கால் மணி நேரம் விடுங்க, முள்ளு இறங்கினா கசிவு எங்கேன்னு தேடுங்க, தரையில சொட்டு இல்லாமலே இறங்கினா கூலண்ட் இன்ஜினுக்கு உள்ள போகுதோன்னு சந்தேகப்படணும்.

அங்கதான் ஹெட் கேஸ்கட் வருது. ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷத்துல, இன்னும் சூடே ஏறாம மேல ஹோஸ் கல்லு மாதிரி இறுகிடுச்சுன்னா சிலிண்டர்லேர்ந்து கேஸ் கூலண்டுக்குள்ள தள்ளுது. அதை உறுதி பண்ண பிளாக் டெஸ்டர்னு ஒண்ணு, அதுவும் இரவலுக்குக் கிடைக்கும், டேங்க் வாய்ல வச்சு ஆவியை அந்த நீல மருந்து வழியா இழுக்கணும், மஞ்சளா மாறினா எரிஞ்ச கேஸ் கலந்திருக்குன்னு அர்த்தம். சின்ன லீக்கா இருந்தா ஐடில்ல மாறாது, லோடு கொடுத்து ஓட்டிட்டு வந்து செய்யணும். உங்க வண்டிக்கு இது இருக்கும்னு நான் நினைக்கல, கேஸ்கட் போன வண்டி சமதளத்துல அவ்வளவு சமத்தா இறங்காது, ஆனா தண்ணி குறையிற வண்டியில இதைப் பார்க்காம விடக்கூடாது.

ரேடியேட்டர் உள்ளுக்குள்ள அடைச்சிருக்கா, பம்ப் தள்ளுதாங்கிறதுக்கு ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும். ஏத்தம் முடிஞ்சு பத்திரமான இடத்துல நிறுத்தி, ஐடில்ல ஓடிக்கிட்டு இருக்கும்போதே ரேடியேட்டருக்கு உள்ள வர்ற ஹோஸ், வெளிய போற ஹோஸ் ரெண்டுலயும் அடிச்சுப் பாருங்க, ஃபேன் பெல்ட் பக்கம் கையும் சட்டையும் போகாம. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சூடா இருந்தா கூலண்ட் நல்லா ஓடுது, ரேடியேட்டர்தான் சூட்டை வெளிய விடல, அப்ப காத்து, அழுக்கு, ஃபேன். ஒண்ணு கொதிச்சு இன்னொண்ணு ரொம்ப ஆறிப்போய் இருந்தா ஓட்டம் கம்மி, தெர்மோஸ்டாட் பாதி திறந்து நிக்கலாம், பம்ப் சரியா தள்ளாம இருக்கலாம், உள்ள குழாய் அடைச்சிருக்கலாம். இந்தப் பத்து நிமிஷ வேலையை அந்த ஒர்க்‌ஷாப்ல பண்ணியிருந்தா மூணு பார்ட்ல எதுன்னு அவங்களே சொல்லியிருக்கலாம். ஃபேனுக்கு டெஸ்ட் இன்னும் சுலபம், உங்க வண்டியில ரெண்டு எலக்ட்ரிக் ஃபேன், ஏசியை முழுசா போட்டா ரெண்டும் சுத்தணும். 2500, 3500 மாதிரி பெரிய ட்ரக் வச்சிருக்கிறவங்களுக்கு பெல்ட்ல ஓடுற கிளட்ச் ஃபேன், சூடு ஏறினதும் ஜெட் மாதிரி ஒரு இரைச்சல் வரணும், ஏத்தத்துல முள்ளு ஏறியும் அந்த இரைச்சல் வரலன்னா கிளட்ச் போச்சு.

டீசல் வச்சிருக்கிறவங்களும் இதைப் படிப்பீங்க, ஒரு வார்த்தை. 2003லேர்ந்து 2007 வரைக்கும் வந்த ஃபோர்டு 6.0 பவர்ஸ்ட்ரோக்னா கூலண்ட் சூட்டை மட்டும் பார்க்காதீங்க, ஆயில் சூட்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, லோடுல ரெண்டுக்கும் வித்தியாசம் 15 டிகிரிக்கு மேல போனா ஆயில் கூலர் அடைச்சிருக்கு, அதை விட்டா அடுத்து எக்ஸாஸ்ட் புகையை ஆறவைக்கிற ஈஜிஆர் கூலர், அதுக்கு அடுத்து ஹெட் கேஸ்கட்னு வரிசையா போகும்.

இப்ப ட்ரெய்லர் பக்கம், இதை யாருமே பார்க்கிறதில்ல. இருபது மைல் ஓட்டிட்டு நிறுத்தி, ட்ரெய்லரோட நாலு ஹப்புலயும் அதே தெர்மாமீட்டரை அடிங்க, நாலும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கணும். ஒண்ணு மட்டும் கொதிச்சா அந்த பிரேக் பிடிச்சுக்கிட்டே வருது, இல்ல பேரிங் போகுது, நாலுமே கொதிச்சா பிரேக் அட்ஜஸ்ட்மென்ட் இறுக்கமா இருக்கு. பிரேக் பிடிச்ச ட்ரெய்லரை மலை ஏத்தினா எந்த ரேடியேட்டரும் தாங்காது. எடையையும் கம்பெனி ஸ்டிக்கரை நம்பாம ட்ரக் ஸ்டாப்ல இருக்கிற "கேட் ஸ்கேல்"ங்கிற எடை மேடையில ஏத்திப் பாருங்க. ஃபிரெஷ் வாட்டர் டேங்கை ஃபீனிக்ஸ்லயே நிரப்பிக்கிட்டா போனீங்க? ஒரு கேலன் தண்ணி 8.3 பவுண்டு, 40 கேலன் டேங்க்னா 330 பவுண்டு, அதை மலை மேல தூக்கிக்கிட்டுப் போக வேண்டியதில்ல, வழிக்கு வேணும்ங்கிறதை மட்டும் வச்சுக்கிட்டு மீதியை ஃபிளாக்ஸ்டாஃப்ல பிடிச்சுக்கலாம்.

ஓட்டுற முறையில ஒரு விஷயம்தான் பெரிசு, கியர். நிறைய பேர் ஆர்பிஎம் ஏறினா இன்ஜின் கஷ்டப்படுதுன்னு நினைச்சு மேல் கியர்லயே அமுத்தி ஏத்துறாங்க, இது தலைகீழ். உங்க வாட்டர் பம்ப் பெல்ட்ல ஓடுது, இன்ஜின் எவ்வளவு வேகமா சுத்துதோ அவ்வளவு கூலண்ட் தள்ளும், மேல் கியர்ல ஆர்பிஎம் கம்மியா முக்கிக்கிட்டு ஏறினா சூடு அதிகம், ஓட்டம் கம்மி, அதோட இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கிற டார்க் கன்வர்ட்டரோட லாக் விட்டு விட்டுப் பிடிச்சு கியர் ஆயிலும் கொதிக்கும், அந்தச் சூடும் கூலர் வழியா ரேடியேட்டர் முன்னாடியே வந்து நிக்கும். ட்ரெய்லர் இழுக்கிறதுக்கு இருக்கிற டோ-ஹால் பட்டனைப் போட்டுட்டு, கியர் லீவரை எம்ல (மேனுவல்) வச்சு, ஏத்தம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மூணாவது கியருக்கு இறக்கிடுங்க. உங்க ஆக்ஸில் கியர் விகிதம் 3.42ன்னு வச்சுக்கிட்டா 55ல மூணாவது கியர்னா சுமார் 3,000 ஆர்பிஎம், 45ல ரெண்டாவதுன்னா 3,900 பக்கம், சத்தம் கேட்கும், பயப்படாதீங்க, இந்த இன்ஜின் அதிகபட்ச டார்க் கொடுக்கிறதே 4,100ல. வலது லேன்ல, லாரிகளோட சேர்ந்து, விடியற்காலைல ஏறுங்க. 85 டிகிரி காத்துக்கும் 110 டிகிரி காத்துக்கும் ரேடியேட்டருக்கு மலையளவு வித்தியாசம் இருக்கு. பின்னாடியிலேர்ந்து காத்து அடிக்கிற நாள்ல இன்னும் ஒரு படி மெதுவா போங்க, அன்னைக்கு க்ரில்லுக்குள்ள வர்ற காத்து குறைவா இருக்கும்.

மறுபடி வார்னிங் வந்தா என்ன பண்றது. ஏசி ஆஃப், கண்ணாடியை இறக்கி ஹீட்டரை முழு சூட்டுல முழு ஃபேன்ல போடுங்க, அரிசோனா ஜூலைல அது நரகம்தான், குழந்தைங்க இருந்தா அதைவிட சீக்கிரம் நிறுத்துறதே மேல், ஆனா ஹீட்டர் கோரும் ஒரு சின்ன ரேடியேட்டர், நிறுத்த இடம் கிடைக்கிற வரைக்கும் உதவும். கியரை இறக்கி வேகத்தை 40க்கு கொண்டு வாங்க. நம்பர் இறங்கலன்னா ரெஸ்ட் ஏரியா, எக்ஸிட், அகலமான ஓரம் எது முன்னாடி வருதோ அங்க நிறுத்துங்க, சக்கரத்துக்குக் கட்டை வைங்க, ஆளுங்களை தடுப்புக்கு அந்தப் பக்கம் நிழலா உக்கார வைங்க, குடிக்கத் தண்ணி எப்பவும் வண்டியில இருக்கட்டும். இன்ஜினை உடனே அணைச்சுடாதீங்க, ஸ்க்ரீன்ல ஸ்டாப்னு வரலன்னா, நீராவி வரலன்னா, கூலண்ட் ஒழுகலன்னா, ஐடில்ல ஓட விட்டு பானெட்டைத் திறங்க, ஃபேனும் பம்பும் ஓடினாத்தான் ஹெட்ல தேங்கி நிக்கிற சூடு வெளிய வரும். நீராவி வந்துச்சுன்னா அணைச்சுட்டு தள்ளி நில்லுங்க. மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் சூட்டுல திறக்காதீங்க தம்பி, அழுத்தம் விட்ட அந்த நொடியே 240 டிகிரி கூலண்ட் பொங்கி முகத்துலயும் கையிலயும்தான் வரும், குறைஞ்சது ஒரு மணி நேரம், ஹோஸை அமுக்கினா மெத்துனு இருக்கிற வரைக்கும் காத்திருங்க.

எப்பவாவது இன்ஜின் பவர் குறைஞ்சு, திக்கித் திக்கி ஓடி, சிலிண்டர்களை மாத்தி மாத்தி அணைக்கிற பாதுகாப்பு மோடுக்குப் போயிருந்துச்சுன்னா அந்த ஆயிலை அப்படியே வச்சு ஓட்டாதீங்க. சூட்டுல ஆயில் கெட்டுப்போயிருக்கும், காரணத்தை சரி பண்ணிட்டு ஆயிலை மாத்தச் சொல்லி ஓனர்ஸ் மேனுவல்லயே போட்டிருக்கு. உங்களுக்கு முதல் வார்னிங்கோட நின்னுடுச்சுங்கிறதால இது தேவைப்படாது.

அதனால இந்த வாரம் டார்ச் வச்சு அந்த சந்தைப் பாருங்க, ஏர் டேம் இருக்கான்னு பாருங்க, மூடியையும் சிஸ்டத்தையும் பிரஷர் டெஸ்ட் பண்ணுங்க, பம்ப் அடியில ஆரஞ்சு பொருக்கு இருக்கான்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அப்புறம் ஒரு நாள் ரீடரை மாட்டிக்கிட்டு ட்ரெய்லரோட அதே சன்செட் பாயிண்ட் ஏத்தத்தை மூணாவது கியர், 50 வேகம், ஏசி போட்டு ஏறிட்டு கூலண்ட் சூடு எவ்வளவு போச்சு, டிரான்ஸ்மிஷன் சூடு எவ்வளவு போச்சு, மேல நிறுத்தினப்ப ரெண்டு ஹோஸும் என்ன காட்டுச்சுன்னு எழுதுங்க, அதை வச்சு ரேடியேட்டர் வாங்கணுமா வேண்டாமான்னு சொல்லிடலாம்.